சோர்ந்துபோன நாட்களில் ஜெபிப்பது எப்படி? சங்கீதங்களின் வழியே ஒரு பயிற்சி

முழங்கால்படியிட்டும் ஒரு வார்த்தைகூட வராத நாட்கள் விசுவாச வாழ்க்கையில் உண்டு. நீண்ட நோய், அன்பானவரின் மரணம், வேலை இழப்பு, வீட்டுக்குள் பேச்சே நின்றுபோன மனக்கசப்பு என்று காரணம் தெளிவாகத் தெரியும் நாட்களும் உண்டு. எந்தக் காரணமும் பிடிபடாமல், நேற்றுவரை ஆறுதலாக இருந்த வசனங்கள் இன்று வெறும் எழுத்துகளாகத் தோன்றும் நாட்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் "விசுவாசத்தோடு ஜெபியுங்கள், தேவன் பெலன் தருவார்" என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, எதையுமே உணராதபோது என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், ஏற்கெனவே பாரம் சுமப்பவரின் தோளில் இன்னொரு பாரம் ஏறிவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்கு நடைமுறையில் பின்பற்றத்தக்க ஒரு வழியை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் ஓர் எண்ணத்தைக் கைவிட வேண்டும். ஆவிக்குரிய பெலன் என்பது மனதை இறுக்கிப் பிடித்து நமக்குள்ளிருந்து நாமே வரவழைத்துக்கொள்வது என்று பலர் நம்புகிறார்கள். பவுலின் அனுபவம் வேறு விதமாக இருந்தது. தன் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் நீங்க வேண்டும் என்று அவர் மூன்று தரம் ஆண்டவரை வேண்டிக்கொண்டார். முள் நீங்கியதாக அவர் எங்கும் எழுதவில்லை. அவருக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்பதே (2 கொரிந்தியர் 12:9). இங்கே பெலன் கொடுக்கப்படுகிறது. பவுல் அதைப் பெற்றுக்கொள்கிறார். அப்படியானால் நம் பங்கு, அது கொடுக்கப்படுகிற இடத்துக்கு நாள்தோறும் உள்ளபடியே வந்து நிற்பதுதான். அவ்வாறு வந்து நிற்பதற்குத் திருச்சபை நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவரும் மிக எளிய துணை சங்கீதப் புத்தகம்.

முதலில் உடலைக் கவனியுங்கள்

ஜெபத்தைப் பற்றிப் பேச வந்து, உறக்கத்தையும் உணவையும் முதலில் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வேதம் அப்படித்தான் சொல்கிறது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், கர்மேல் மலையில் பெரிய வெற்றியைக் கண்ட எலியா, யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் உயிர்தப்ப ஓடுகிறான். பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, தனியே வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறான். அந்த ஜெபத்துக்குப் பதிலாகக் கண்டனம் வரவில்லை, பிரசங்கமும் வரவில்லை. ஒரு தூதன் அவனைத் தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. அவன் சாப்பிட்டு, மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். தேவன் அவனிடம், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கேட்பது இதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பின்புதான். உறக்கம், உணவு, மறுபடியும் உறக்கம், மறுபடியும் உணவு, நீண்ட நடை, அதன்பின் உரையாடல் என்ற இந்த வரிசையை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

ஆகவே, பல இரவுகளாகச் சரியாக உறங்காதவர் அதிகாலை நான்கு மணி ஜெபத்தைத் தன்மேல் சுமத்திக்கொள்ள வேண்டாம். உபவாசத்தையும் தள்ளி வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமில்லாத நிலை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் துணையோடு மருத்துவ உதவியை நாடுங்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்பவர்கள், பவுலின் உடன்வேலையாளான லூக்கா "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கப்பட்டதை (கொலோசெயர் 4:14) மறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு எத்தனையோ பேர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தித் துன்பப்பட்டிருக்கிறார்கள் என்பது மனதை மிகவும் வருத்துகிற உண்மை.

நேரமும் இடமும்

மாற்கு 1-ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் இயேசு செலவிட்ட ஒரு நாள் விவரிக்கப்படுகிறது. ஜெப ஆலயத்தில் போதனை, அசுத்த ஆவி பிடித்தவனின் விடுதலை, சீமோனுடைய மாமியின் ஜுரம், சூரியன் அஸ்தமித்தபின் பட்டணம் முழுவதும் வீட்டு வாசலுக்கு முன் கூட்டம். அடுத்த வசனமே, அவர் அதிகாலையில் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று சொல்கிறது. வேலை குறைந்தபின் ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அதிகாலைதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு ஜெபத்தை இணைத்துவிடுங்கள். குளித்து முடித்தவுடன், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றவுடன், வேலைக்குப் புறப்படுமுன் என்று எதுவானாலும் சரி. பத்து நிமிடங்கள் போதும். ஒரு மணி நேரம் என்று தொடங்கி நான்காம் நாளில் விட்டுவிடுவதைக் காட்டிலும், பத்து நிமிடத்தை ஒரு மாதம் காத்துக்கொள்வது மேல். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தைப் பயன்படுத்துங்கள். ஒரே இடத்தில், ஒரே நாற்காலியில் அமர்வது நல்லது. உடல் அந்த இடத்தைப் பழகிக்கொண்டபின், மனம் அமர எடுத்துக்கொள்ளும் நேரம் மெல்லக் குறையும்.

எந்த வார்த்தையோடு தொடங்குவது என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியதில்லை. சங்கீதம் 51:15-ஐ அப்படியே சொல்லுங்கள்: "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்; அப்பொழுது என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும்." ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், இரவு ஜெபத்தின் தொடக்கத்தில் இந்த வசனத்தை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று வைத்தார். ஜெபிக்கும் திறன்கூட கேட்டுப் பெற வேண்டியது என்பதை இந்த வசனம் ஒவ்வொரு நாளும் நமக்கு நினைவூட்டுகிறது.

சங்கீதத்தை ஜெபமாக்குவது

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள் என்று வழங்கும் இந்தப் புத்தகத்தில் 150 பாடல்கள் உள்ளன. அவை ஐந்து பகுதிகளாக (1–41, 42–72, 73–89, 90–106, 107–150) பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் துதியில் முடிகிறது. துதியில் முடிவதால் முழுவதும் துதியே என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை புலம்பல்கள். 88-ஆம் சங்கீதம் இருளைப் பற்றிய வார்த்தையோடே நின்றுவிடுகிறது. அதில் கடைசிவரை விடியல் இல்லை. அப்படிப்பட்ட ஒரு ஜெபம் வேதத்துக்குள் இடம்பெற்றிருப்பதே, தேவன் நம்மிடமிருந்து ஒப்பனை செய்த வார்த்தைகளை எதிர்பார்க்கவில்லை என்பதற்குப் போதுமான சான்று. சிலுவையில் இயேசுவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் இரண்டு, 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனமும் 31-ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனமும் ஆகும். உச்சகட்ட வேதனையில் அவர் புதிய சொற்களைத் தேடவில்லை. சிறு வயது முதல் ஜெபித்துப் பழகிய சொற்களே அவருக்குத் துணையாக வந்தன.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸ், நோயுற்றிருந்த மார்செல்லினுஸ் என்பவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், வேதத்தின் பிற புத்தகங்கள் நாம் செய்ய வேண்டியதைச் சொல்கின்றன, சங்கீதங்களோ நம் சொந்த ஆத்துமாவின் அசைவுகளை ஒரு கண்ணாடியைப்போல நமக்குக் காட்டுகின்றன என்ற கருத்தை விளக்குகிறார். இந்தப் பயிற்சி அந்தக் கருத்தின்மேல்தான் நிற்கிறது.

இப்போது ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, அதை எப்படி ஜெபிப்பது என்று வசனம் வசனமாகப் பார்ப்போம். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது.

முதலில் முழுவதையும் ஒரு முறை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் பழகிய வார்த்தைகளைத் தாண்டிப் போய்விடுவோம். நாவும் காதும் சேரும்போது வேகம் தானாகக் குறையும். பின்பு முதல் இரண்டு வசனங்களுக்குத் திரும்புங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. முதல் இரண்டு கேள்விகள் தேவனைப் பற்றியவை. மூன்றாவது தன் உள்ளத்தைப் பற்றியது. நான்காவது சத்துருவைப் பற்றியது. உங்கள் நிலைமையை அந்த நான்கு இடங்களிலும் வையுங்கள். "இந்தச் சிகிச்சை எதுவரைக்கும்?", "நீர் பேசாமலிருப்பது எதுவரைக்கும்?" என்று சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில், ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பதைப் பற்றித் தாவீது சொல்கிறான். இரவெல்லாம் படுக்கையில் புரண்டு, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒரே உரையாடலை மனதுக்குள் நூறு முறை பேசிப் பார்க்கிறவருக்கு அந்த வரி உடனே புரியும். அந்தக் கணக்கைத் தேவனுக்கு முன்பாகச் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வசனத்தில் வேண்டுதல் வருகிறது. நோக்கிப் பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று மூன்றே விண்ணப்பங்கள். பிரச்சினை எப்படித் தீர வேண்டும் என்ற திட்டம் எதுவும் அதில் இல்லை. உங்கள் வேண்டுதலையும் அன்றைக்கு அந்த மூன்றுக்குள் அடக்கிப் பாருங்கள். அதிகம் பேசிக் களைத்துப்போனவருக்கு இது பெரிய இளைப்பாறுதலாக இருக்கும்.

ஐந்தாம் வசனத்தில் திருப்பம் வருகிறது: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று சங்கீதம் சொல்லவில்லை. சத்துரு விழுந்ததாகவோ நோய் நீங்கியதாகவோ ஒரு குறிப்பும் இல்லை. நிலைமை அப்படியே இருக்க, ஜெபிக்கிறவன் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த வசனத்தை இன்று உங்களால் மனதார்ந்து சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் நடிக்க வேண்டாம். "ஆண்டவரே, இதைச் சொன்னவனோடு நானும் ஒருநாள் சொல்லும்படி செய்யும்" என்று கேட்டுவிட்டு, வசனத்தை வாசித்து முடியுங்கள். அதே நேரத்தில் உலகத்தின் வேறொரு மூலையில் வேறொரு விசுவாசி அந்த வரியை முழுமனதோடு சொல்லிக்கொண்டிருப்பார். சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கிற புத்தகம் இது. அதன் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு நாளும் ஒருவரே தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

கடைசியில், மனதில் தங்கிய ஒரு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்காகக் காத்திருக்கும்போதோ மருத்துவமனை வரிசையில் நிற்கும்போதோ அதை எடுத்துப் பாருங்கள். முழு அதிகாரத்தையும் மனப்பாடம் செய்ய முயன்று தோற்பதைவிட, ஒரு நாளுக்கு ஒரு வரியோடு வாழ்வது ஆழமாக வேலை செய்யும்.

எந்தச் சங்கீதத்தை எடுப்பது என்ற கேள்வி இயல்பாக எழும். பயம் மேலிடும்போது 27, 46, 56. குற்றவுணர்வு நெருக்கும்போது 32, 51, 130. துணையில்லாதபோது 25, 142. முதுமையின் பலவீனத்தில் 71. தீங்கு செய்பவர்கள் செழிப்பதைப் பார்த்து மனம் கசக்கும்போது 73. உறக்கம் வராத இரவுகளுக்கு 4-ஆம் சங்கீதமும் 77-ஆம் சங்கீதமும் உண்டு. தூங்க முடியாமலும் பேச முடியாமலும் தவிக்கிறவனின் நிலை 77:4-இல் அப்படியே பதிவாகியிருக்கிறது. தன் ஆத்துமாவோடு தானே பேச வேண்டியிருக்கும்போது 42-ஐயும் 43-ஐயும் சேர்த்து வாசியுங்கள், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி அவற்றில் மூன்று முறை திரும்ப வருகிறது, ஏனென்றால் ஒரு முறை கேட்டவுடன் கலக்கம் அடங்கிவிடுவதில்லை.

ஆனால் தேவைக்கேற்ப தேர்ந்தெடுப்பதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. முதல் சில வாரங்களுக்குப் பிறகு, 1-ஆம் சங்கீதத்திலிருந்து வரிசையாகப் போங்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதங்களில் முடியும். ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாட்களின் காலை மாலை ஜெபங்களுக்குப் பகிர்ந்து வைத்திருக்கிறது; பழகியபின் அந்த வேகத்துக்கும் போகலாம். 176 வசனங்கள் கொண்ட 119-ஐ மட்டும் அதன் எட்டு வசனப் பகுதிகளாகப் பிரித்து 22 நாட்களில் வாசியுங்கள். வரிசையாக வாசிக்கும்போது, நாம் துக்கமாயிருக்கும் நாளில் துதியும், நாம் மகிழ்ந்திருக்கும் நாளில் புலம்பலும் எதிர்ப்படும். அப்போது அந்தப் புலம்பலை, இன்று துன்பப்படும் வேறொருவருக்காக ஜெபியுங்கள். இப்படித்தான் ஜெபம் நம் சொந்தக் கவலைகளின் எல்லையைத் தாண்டி விரிகிறது.

சத்துருக்கள்மேல் சாபம் வேண்டும் சங்கீதங்கள் (58, 109, 137 போன்றவை) பலரைத் திகைக்க வைக்கும். அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம். கொடுமைக்கு ஆளானவர்களின் குரலாக அவற்றை வாசியுங்கள். உங்களுக்குள்ளும் அதே கோபம் இருந்தால், பழிவாங்குதல் எனக்குரியது என்று சொன்னவரிடம் (ரோமர் 12:19) அந்தக் கோபத்தை முழுவதுமாக ஒப்படைத்துவிடுங்கள்.

ஒரு வார்த்தையும் வராதபோது

சங்கீதம் வாசிக்கவும் முடியாத நாட்களுக்குச் சிறு ஜெபங்கள் உள்ளன. கிழக்கத்திய திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் இயேசு ஜெபம் அவற்றுள் ஒன்று: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." மூச்சை உள்ளிழுக்கும்போது முதற்பாதியையும் வெளிவிடும்போது பிற்பாதியையும் மனதுக்குள் சொல்லலாம். வலியில் படுத்திருப்பவருக்கும், அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவருக்கும் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி, முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் தீதகே என்ற போதனை நூல் விசுவாசிகளுக்கு அறிவுறுத்துகிறது. காலை, நண்பகல், மாலை என்று அதைக் கடைப்பிடிக்கலாம். "நான்", "என்" என்ற சொற்களே அந்த ஜெபத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் பிதா, எங்கள் ஆகாரம், எங்கள் கடன்கள் என்றே அது செல்கிறது. தனியறையில் தனியே சொன்னாலும் அது பலரோடு சேர்ந்து சொல்லும் ஜெபமே. விசுவாசமே ஆட்டம் கண்டிருந்தால், பிள்ளையின் துன்பத்தைத் தாங்க முடியாத ஒரு தகப்பன் இயேசுவிடம் கண்ணீரோடு சொன்ன ஜெபத்தை (மாற்கு 9:24) உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். விசுவாசிக்கிறேன் என்றும், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்றும் அவன் ஒரே மூச்சில் சொன்னான். இயேசு அவனைத் திருப்பியனுப்பவில்லை.

அதுவும் முடியாதபோது, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. நீங்கள் பேசாத அந்தப் பத்து நிமிடமும் ஜெபமே.

மற்றவர்களின் விசுவாசத்தின்மேல் சாய்வது

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, ஜனக்கூட்டத்தினிமித்தம் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு 2:5 சொல்கிறது. படுத்திருந்தவன் வாய்திறந்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. சுமக்கப்படுவதற்கு ஒப்புக்கொடுப்பதும் விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதை இந்தச் சம்பவத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இதை நடைமுறையாக்க, நம்பகமான ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுங்கள். அவர்கள் கேட்டதை வெளியே சொல்லாதவர்களாகவும், உடனே அறிவுரைக்குத் தாவாதவர்களாகவும் இருக்க வேண்டும். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த வாரம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை, புதன்கிழமை மாலை வந்து என்னோடு உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பீர்களா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மனச்சாட்சியை உறுத்தும் பாவம் ஒன்று இருந்தால், உங்கள் போதகரிடமோ, குருவானவரிடமோ, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ அறிக்கையிடுங்கள். மறைத்து வைத்த குற்றத்தைப்போல ஜெபத்தை அடைப்பது வேறொன்றுமில்லை. எலும்புகள் உலர்ந்துபோகும் அளவுக்கு அது வேலை செய்யும் என்று 32-ஆம் சங்கீதம் சாட்சி கூறுகிறது.

ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்த வேண்டாம். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள். பின்வரிசையில் அமர்ந்து, யாரோடும் பேசாமல் புறப்பட்டாலும் பரவாயில்லை. திருவிருந்து வழங்கப்படும் நாளில் மட்டும் தவறாமல் இருங்கள். அங்கே நம் கையில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. வெறுங்கையை நீட்டிப் பெற்றுக்கொள்கிறோம். முன்பு சொன்ன பெலனைப் பெறுதல் என்பதை உடலாலேயே கற்றுக்கொள்கிற இடம் அது. உங்கள் சபையில் உங்கள் துயரத்துக்கு விசுவாசக் குறைவே காரணம் என்று குற்றஞ்சாட்டினாலோ, காணிக்கை கொடுத்தால் தீரும் என்று சொன்னாலோ, யோபுவின் நண்பர்களைத் தேவன் கடிந்துகொண்டதை (யோபு 42:7) நினைவில் வைத்து, வேறு நல்ல மேய்ப்பரைத் தேடத் தயங்காதீர்கள்.

ஜெர்மானியப் போதகர் தீத்ரிச் போன்ஹோஃபர், ஃபிங்கன்வால்டே என்னும் இடத்தில் நடத்திய குருமடத்தில் தம் மாணவர்களோடு நாள்தோறும் சங்கீதங்களை ஜெபித்தார். சங்கீதங்களே வேதத்தின் ஜெபப் புத்தகம் என்று விளக்கும் சிறு நூலொன்றை 1940-இல் வெளியிட்டார். 1943 ஏப்ரலில் நாஜி அரசு அவரைக் கைதுசெய்து பெர்லினின் டேகல் சிறையில் அடைத்தது. பல ஆண்டுகளாகச் செய்துவந்தபடியே நாள்தோறும் சங்கீதங்களை வாசிப்பதாக அங்கிருந்து பெற்றோருக்கு எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். சமூகமாக இருந்த நாட்களில் சேர்ந்து கற்ற ஜெபம், தனிச்சிறையில் அவரைத் தாங்கியது. நன்றாக இருக்கும் நாட்களிலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இருள் நீடித்தால்

மாதக்கணக்கில் ஜெபித்தும் உள்ளத்தில் ஒளியே தோன்றாமல் இருக்கலாம். 1577-இன் இறுதியில் தம் சொந்தத் துறவறச் சபையினராலேயே பிடிக்கப்பட்டு, ஸ்பெயினின் டொலேடோவில் ஒரு சிற்றறையில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அடைக்கப்பட்டிருந்த சிலுவையின் யோவான், அந்த இருளிலேதான் தம் மிகச் சிறந்த பாடல்கள் சிலவற்றை இயற்றினார். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே ஊழியம் செய்தார் என்பது உலகுக்குத் தெரியவந்தது. இவர்களின் அளவுக்கு நீண்ட இருள் எல்லோருக்கும் வரும் என்று சொல்லவில்லை. உணர்வு இல்லாமையும் தேவன் இல்லாமையும் ஒன்றல்ல என்பதற்கு இவர்களுடைய வாழ்க்கை சாட்சி.

இப்படிப்பட்ட காலத்துக்கு, இயேசு சபை என்னும் துறவறச் சபையை நிறுவிய இக்னாசியுஸ் லொயோலா தம் ஆன்மிகப் பயிற்சிகளில் (அந்நூல் 1548-இல் அச்சேறியது) ஒரு விதியைக் கொடுத்திருக்கிறார்: வறட்சியின் வேளையில், அதற்கு முன் ஆறுதலின் வேளையில் எடுத்த தீர்மானங்களை மாற்றக் கூடாது. சபையை விட்டுவிடுவது, திருமணத்தை முறிப்பது, ஊழியத்தைத் துறப்பது போன்ற முடிவுகளை இருளில் எடுக்க வேண்டாம். ஆனால் வன்முறையோ கொடுமையோ நடக்கும் வீட்டிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குப் போவதை இந்த விதி ஒருபோதும் தடுக்காது. அதை இன்றே செய்யுங்கள். அவர் சொல்லிக்கொடுத்த மாலை ஆராய்வும் பயனுள்ளது. படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் அந்த நாளைப் பின்னோக்கிப் பார்த்து, நன்றி சொல்ல ஒன்றையும் மன்னிப்புக் கேட்க ஒன்றையும் தேவனிடம் சொல்லிவிட்டு, நாளைக்குரிய கிருபையைக் கேளுங்கள். பல வாரங்களுக்குப் பிறகுதான், எந்த மனிதர்களோடும் எந்த வேலைகளோடும் இருக்கும்போது உங்கள் உள்ளம் உயிர்ப்படைகிறது என்பது புலப்படத் தொடங்கும்.

பெலன் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெய்சிலிர்ப்பை அளவுகோலாக வைக்காதீர்கள். கலாத்தியர் 5:22-23 ஆவியின் கனியை ஒன்பது பண்புகளாகச் சொல்கிறது. அவற்றில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம் போன்றவற்றை உங்களோடு வாழ்பவர்களே முதலில் கவனிப்பார்கள். உங்கள் வாழ்க்கைத்துணையையோ பிள்ளையையோ துணிந்து கேட்டுப் பாருங்கள். ஏசாயா 40:31 புதுப்பெலன் அடைந்தவர்களை விவரிக்கும்போது, முதலில் கழுகுகளைப்போல எழும்புவதையும், பிறகு இளைப்படையாமல் ஓடுவதையும், கடைசியில் சோர்ந்துபோகாமல் நடப்பதையும் சொல்கிறது. பறப்பதிலிருந்து நடப்பதை நோக்கி வரும் அந்த வரிசை கவனிக்கத்தக்கது. பெரும்பாலோருக்குப் பெரும்பாலான நாட்களில் தேவைப்படுவது அந்தக் கடைசிப் பெலன்தான். நேற்று எழ முடியாதவர் இன்று எழுந்து, தன் கடமையைச் செய்து, கோபத்தை அடக்கி, ஒருவருக்கு நன்மை செய்துவிட்டுப் படுக்கப் போனால், அந்தப் பெலன் அவருக்குள் வேலை செய்திருக்கிறது.

சிறிது தேறியவுடன், இந்தப் பயிற்சியை இன்னொருவரிடம் கொண்டுபோங்கள். எந்த ஆறுதலால் நாம் ஆறுதலடைகிறோமோ, அதே ஆறுதலால் பிறரை ஆறுதல்படுத்துவதற்காகவே அது கொடுக்கப்படுகிறது என்று 2 கொரிந்தியர் 1:4 சொல்கிறது. நோயாளியையோ துக்கத்தில் இருப்பவரையோ பார்க்கப் போகும்போது, ஒரே ஒரு சங்கீதத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் செல்லுங்கள். வாசிக்கலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். மெதுவாக வாசித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். இது ஏன் நடந்தது என்று விளக்க முயல வேண்டாம், "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லவும் வேண்டாம். அவர் அழுதால் அழட்டும், பேசினால் கேளுங்கள். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தங்கி அவரைக் களைப்பாக்காமல், மறுபடியும் எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.